எடுத்தலும் வைத்தலும்



துறவற நெறியில் நிற்கும் முனிவர்களுக்கு ஐந்து மகாவிரதங்களோடு ஐந்து சமிதிகளும் விதிக்கப்பட்டுள்ளன. பார்த்து நடத்தல், அளந்து பேசுதல், ஆராய்ந்து உண்ணுதல் ஆகிய முதல் மூன்றைப் பற்றி நம் பெரியோர் பலகாலும் விரித்துரைத்திருக்கின்றனர். எஞ்சிய இரண்டைப் பற்றி அத்துணைப் பேச்சில்லை. நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் சிற்றுயிர்க்கு ஊறு நேராதவாறு கண்ணால் நோக்கி, மென்மையாகத் துடைத்து, அதன் பின்னரே எடுத்தலும் வைத்தலும் ஆகும். ஐந்தாவது உத்சர்க சமிதி. வேண்டாததை விடுங்கால் உயிர்கள் இல்லாததும், பிறர்க்கு இடையூறு ஆகாததுமான இடம் பார்த்து விடுதல் ஆகும். முனிவரிடம் உள்ள பொருள்கள் எத்தனை? மயிற்பிஞ்சி ஒன்று, கமண்டலம் ஒன்று, சாத்திரச் சுவடி ஒன்று. இவ்வளவே உடையவருக்கு எடுக்கவும் வைக்கவும் விடவும் தனித்தனியே சமிதி வகுத்தார்கள் என்றால், ஒரு லாரி நிறையப் பொருள் உடைய இல்லறத்தாராகிய நம் கடமை எவ்வளவு என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இக்கணக்கை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் வாழ்ந்த நம் குடும்பங்கள் படிப்பையும் பணியையும் நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்துள்ளன. நகரத்திலும் ஒரே வீட்டில் நிலைத்திருப்பவர் சிலரே. வாடகை உயர, பணி மாற, பிள்ளைகள் பிரிய, வீடு மாறுகிறது. ஊரிலோ பெரியவர்கள் மறைந்த பின் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்கவோ இடிக்கவோ நேர்கிறது. எனவே வீடு மாற்றுவதும் வீடு காலி செய்வதும் நம்மிடையே திருமணத்தைப் போலவே தவறாது நிகழும் காரியங்கள் ஆகிவிட்டன. ஆயினும் திருமணத்துக்கு நாள் பார்ப்பவர்கள் கூட இதற்கு விரதம் பார்ப்பதில்லை.

“ஆள் அமர்த்திவிட்டோம், எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்” என்பது இந்நாளில் கேட்கப்படும் சொல். பொருளைக் கட்டி ஏற்றி இறக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. வீட்டைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்து, எடுத்ததையெல்லாம் கொண்டு செல்வோரும் உள்ளனர். அவர்கள் தொழில் நல்ல தொழிலே. ஆனால் நம் வினைக்கணக்கு அவர்கள் வண்டியில் ஏறிப் போய்விடுமா? செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்ற மூன்றையும் மனம், மொழி, மெய் என்ற மூன்றோடு உறழ்ந்து ஒன்பதாகக் காண்பது நம் சமயம். இவ்வொன்பதில் “கூலி கொடுத்துவிட்டேன்” என்ற விலக்குக்கு இடமே இல்லை. நம் வீட்டு மெத்தையை அவர் ஏரிக்கரையில் தள்ளிவிட்டுப் போனால் அது செய்வித்தல். அவ்வாறுதான் தள்ளுவார் என்று தெரிந்தும் வாய் மூடியிருந்தால் அது உடன்படுதல். ஆகவே பேரம் பேசும்போதே “எவ்வளவு?” என்பதோடு “எங்கே கொண்டு போவீர்கள்?” என்றும் கேட்பது சிராவகனின் கடமை. விடை தெளிவாக வராத இடத்தில் நூறு ரூபாய் மலிவு என்பது மலிவாகாது.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தில் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தின் மாசுகளைக் கூறுகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் என்பன முதல் மூன்று. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலும், உணவும் நீரும் தடுத்தலும் மற்ற இரண்டு. உரைகள் இவற்றை வண்டி மாட்டுக்கும் ஏவல் செய்வார்க்கும் பொருத்திக் காட்டும். இன்று நம்மில் வண்டி மாடு வைத்திருப்பவர் அரியர். எனவே இவ்விரு மாசுகளும் நம்மைத் தொடா என்று நினைக்கிறோம். இரும்பு பீரோவை உள்ளிருக்கும் புடவைகளோடும் பாத்திரங்களோடும் அப்படியே தூக்கச் சொல்லி, மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்கு இரண்டே பேரை ஏறவிடுகிறோமே, அது அதிபாரம் அன்றோ? காலை ஆறு மணிக்குத் தொடங்கியவர்களைப் “பாலை காய்ச்ச நல்ல நேரம் தவறிவிடும்” என்று விரட்டி, பிற்பகல் மூன்று மணி வரை சோறுண்ண விடாமல் வைத்திருப்பது எந்த மாசு? பீரோவைக் காலி செய்து தருவதும், வடிகட்டிய நீர் ஒரு குடம் வைப்பதும், நண்பகலில் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்துவதும் பெரிய செலவல்ல. நல்ல நேரம் தவறுவதைவிட விரதம் தவறுவது பெரிது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் உணர்ந்தாலே பாதி காரியம் முடிந்தது. ஆண்கள் அன்று எப்படியும் தொலைபேசியில்தான் இருப்பார்கள்.

வீடு மாற்றும் நாளில் வெளிப்படும் இன்னோர் உண்மை, நாம் எவ்வளவு சேர்த்துவிட்டோம் என்பது. பரிக்கிரக பரிமாண விரதம் பூண்டவர் நிலம், மனை, பொன், வெள்ளி, கால்நடை, தானியம் ஆகியவற்றுக்கு எல்லை வகுப்பார். இவ்வரிசையில் கடைசியாகக் குப்பியம் என்று ஒன்று உண்டு. ஆடை, பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான் முதலியன அதில் அடங்கும். நிலத்துக்கும் பொன்னுக்கும் எல்லை சொல்லும் நாம் குப்பியத்துக்குச் சொல்வதில்லை; அது தானே ஊறிப் பெருகுகிறது. அனர்த்த தண்ட விரதத்தின் மாசுகளிலும், தேவைக்கு மிஞ்சி நுகர்பொருள் குவித்தல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. பயனின்றித் தண்டனை தருவது எப்படி என்று கேட்பவர் தம் வீட்டுப் பரணை ஒரு முறை ஏறிப் பார்க்கட்டும். ஈரம் பட்ட அட்டைப் பெட்டியில் பூஞ்சணம் பூத்திருக்கும். எண்ணிறந்த உயிர்கள் ஓருடலில் உறையும் அனந்தகாயம் என்று நம் நூல்கள் அதற்கு அஞ்சச் சொல்கின்றன. பழைய நாளிதழ்க் கட்டில் கரையான் குடியேறியிருக்கும். கிழிந்த தலையணையில் எலி குட்டி போட்டிருக்கும். பிறகு மருந்தடிப்பவரை அழைத்து அவ்வளவு உயிரையும் கொல்வோம். பயன்படாத ஒரு பெட்டியைப் பத்தாண்டு வைத்திருந்ததன் பலன் அது. “எறியாமல் வைத்திருக்கிறேன், சிக்கனம்” என்று பெருமை கொள்வோர் உளர். காலத்தில் பிறர்க்குப் பயன்பட்டிருக்க வேண்டிய பொருளை மட்கவிட்டு, அதில் உயிர் பிறக்கவும் இறக்கவும் இடமாக்குவது சிக்கனம் ஆகாது.

ஆகையால் வீட்டைக் காலி செய்யத் தக்க காலம் வறண்ட மாதங்கள். முனிவர்கள் மழைக்காலத்தில் சாதுர்மாசம் இருப்பதன் காரணமே தரையெங்கும் உயிர் மலிந்திருப்பதுதான். தை முதல் வைகாசி வரை பகல் வெளிச்சத்தில் செய்தால் பார்த்து எடுக்கலாம். லாரிகள் பகலில் நுழையத் தடையுள்ள சாலைகளில் வண்டி இரவில் ஓடினாலும், கட்டுவதையும் அடுக்குவதையும் பகலில் முடித்துக்கொள்ளலாம். போசத விரதத்தின் மாசுகளை நினைவு கூர்க. நோக்காமலும் துடைக்காமலும் விடுதல், நோக்காமலும் துடைக்காமலும் எடுத்தல் என்றே அவை தொடங்குகின்றன. இவை முனிவர்க்குச் சொன்னவை அல்ல, இல்லறத்தார்க்குச் சொன்னவை. சாளர மேல்திட்டில் குருவிக்கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை அவ்விடத்தைத் தொடாதிருப்பதும், பரணை மருந்தடித்துத் துப்புரவு செய்யாமல் மென்மையான துடைப்பத்தால் தள்ளி எடுப்பதும் நாம் செய்யக் கூடியவையே.

அடுத்து, போகி. பழையதைத் தெருவில் கொளுத்தும் வழக்கம் நம் இல்லங்களிலும் புகுந்துள்ளது. அதற்குச் சான்றாகப் பழையன கழிவதைப் பற்றிய ஒரு தொடரை எல்லோரும் எடுத்தாளுகின்றனர். அத்தொடர் யாருடையது? நம் பவணந்தி முனிவருடையது. நன்னூலில் சொல்லதிகாரத்தின் முடிவில் அதைக் கூறினார். காலப்போக்கில் சில சொற்கள் வழக்கொழிந்து வேறு சொற்கள் வருவது குற்றமன்று என்பதே ஆண்டு அவர் கருத்து. இலக்கணத்துக்குச் சொன்னதை எடுத்துப் பாயையும் டயரையும் கொளுத்தும் நெருப்புக்கு நெய்யாக ஊற்றுகிறோம். தீயே தேயுகாய உயிர் என்பதும், தீ மூட்டுமிடத்தில் ஈயும் எறும்பும் பூச்சியும் மாள்கின்றன என்பதும் கற்ற சமணத் துறவி, அக்காரியத்துக்குத் தம் பெயர் பயன்படுவதை எங்ஙனம் ஏற்பார்! 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் சூழ்ந்த புகையால் விமானங்கள் இறங்க இயலாமல் திருப்பி விடப்பட்டன. விமானத்துக்கே வழி தெரியாத புகையில் பறவைகளும் குழந்தைகளும் என்ன பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கொளுத்தாமல் குப்பைத் தொட்டியில் போட்டால் தீர்ந்ததா? சென்னையின் தென்பகுதிக் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியில் கொட்டப்பட்டு வந்தது. அவ்விடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. நீர்க்கோழியும் நாரையும் மீனும் வாழும் அச்சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேட்டில் பற்றிய தீ பல நாள் புகைந்தது. நாம் தெருமுனையில் விட்ட பொருள் அங்கே உயிர்களின் மேல் வைக்கப்பட்டது. உத்சர்க சமிதி “உயிரில்லாத இடம்” என்று சொன்னதற்கு நேர் மாறான இடம் அது.

மின்சாதனங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய மின்கம்பிகளைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் கொடுக்கிறோம். அதை வாங்குபவர் செம்பைப் பிரிக்க மேலுறையைக் கொளுத்தினால் எழும் புகையில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அதைச் சுவாசிப்பவர் நம்மைவிட ஏழை. பழைய குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறுகிறது. மிகப் பழையதாயின் அது ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. பின்னாளில் வந்த பலவற்றில் உள்ளது, கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. பழைய பெட்டித் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம், குழல்விளக்கில் பாதரசம், இன்வெர்ட்டர் பாட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. இம்சை செய்யும் கருவிகளைப் பிறர்க்கு அளிப்பதை இம்சாதானம் என்று இரத்தினகரண்ட சிராவகாசாரம் அனர்த்த தண்டங்களுள் வைக்கிறது. வாளும் நெருப்பும் நஞ்சும் மட்டுந்தான் அங்கே கருதப்பட்டன என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டா. நஞ்சு இன்று நம் வீட்டில் பல உருவில் இருக்கிறது. இவற்றை வாங்கிப் பிரிப்பதற்கென்று பதிவு பெற்ற நிலையங்கள் உள்ளன. 2022இல் வகுக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், உற்பத்தி செய்தவரையே அவற்றுக்குப் பொறுப்பாக்குகின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழைய பாட்டரியைக் கொடுத்துவிடலாம். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும் பதிவு பெற்ற இடத்துக்கே கொடுக்க வேண்டும்.

மெத்தை, சோபா போன்றவைதாம் எல்லாரையும் திகைக்க வைப்பவை. சென்னை மாநகராட்சி 2025இல், முன்கூட்டிப் பதிவு செய்தவர்களின் வீட்டுக்கே வந்து பழைய மரச்சாமான்களையும் மெத்தைகளையும் துணிகளையும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இத்தகைய வசதி உள்ள ஊரில் இருப்பவர்கள் இரவில் தெருமுனையில் சாய்த்து வைத்துவிட்டு நழுவுவதற்குக் காரணம் இல்லை. கட்டுவதற்கு வரும் தெர்மக்கோல், பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றையும் குறைக்கலாம். நம் பாட்டிமார் பீங்கான் சாடிகளைப் பழம்புடவையில் சுற்றி, இடையிடையே வைக்கோல் திணித்துக் கட்டை வண்டியில் மேடு பள்ளமெல்லாம் கடந்து கொண்டு வந்தார்கள், ஒன்றும் உடையவில்லை. எப்படியும் எடுத்துச் செல்ல வேண்டிய போர்வையும் துணியுமே கட்டும் பொருள் ஆகலாம். அட்டைப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தை அமர்த்தலாம். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி மேலே எழுதி வைப்பதும், எஞ்சிய உணவைப் பாலித்தீன் பையில் கட்டி எறியாமல் இருப்பதும் குப்பை பிரிப்பவருக்கும் தெருவில் மேயும் பசுவுக்கும் அபயதானம்.

தானம் என்றவுடன் ஒரு செய்தி. வேண்டாததைத் தள்ளிவிடுவதும் தானமும் ஒன்றல்ல. கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் நன்மை தருவதே தானம் என்பது நம் நூல் வழக்கு. பித்தான் இல்லாத சட்டையும் கால் ஒடிந்த நாற்காலியும் “ஏழைகளுக்கு” என்று ஆசிரமத்து வாயிலில் இறக்கப்படும்போது, நம் குப்பையைப் பிரிக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது. துவைத்து, தைத்து, மடித்துக் கொடுத்தால் தானம். பொருள் கைமாறுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் முனிசங்கத்திலேயே அழகிய எடுத்துக்காட்டு உண்டு. மயில் தானாக உதிர்த்த பீலிகளைக் கொண்டே பிஞ்சி கட்டப்படுகிறது. ஆண்டு முழுதும் பயன்பட்டு அதன் நுனி மென்மை இழந்தால் சிற்றுயிர்க்கு உறுத்தும்; எனவே சாதுர்மாசம் முடிந்ததும் பிஞ்சி மாற்றும் விழா நடைபெறும். பழைய பிஞ்சி எறியப்படுவதில்லை. புதிதாக ஒரு விரதம் ஏற்கும் இல்லறத்தார் கையில் அது சேர்கிறது. அப்பொருளைப் பெறுவதற்கே ஒருவர் விரதம் ஏற்கிறார்! நாம் கொடுக்கும் பழைய பொருள் அந்த அளவுக்கு உயர வேண்டாம்; பெறுபவர் முகம் சுளிக்காத அளவுக்கேனும் இருக்கலாம்.

ஊர் வீட்டை இடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுவோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவரின் செங்கல் உடையாமல் பிரிந்து வரும். சிமெண்டுச் சுவரில் அவ்வாறு வராது. தேக்குத் தூண், வாசற்கால், உத்திரம், பனங்கை, நாட்டு ஓடு எல்லாம் மறுபடியும் வேறொரு வீட்டில் நிற்கத் தக்கவை. காரைக்குடியில் பழந்தூண்களுக்கும் கதவுகளுக்கும் தனிச் சந்தையே உண்டு. இயந்திரத்தால் ஒரே நாளில் தள்ளினால் இவை யாவும் மண்ணாகும். ஆட்களை வைத்துப் பிரித்தால் பத்து நாள் ஆகும். அப்பத்து நாளில் சுவரிடுக்கில் உள்ள பல்லியும் வௌவாலும் அணிலும் விலகிச் செல்ல வழியும் கிடைக்கும். புதிதாக ஒரு மரம் வெட்டப்படாமலும், ஒரு சூளை செங்கல்லுக்காகப் பிருதிவிகாய உயிர்கள் தோண்டி வாட்டப்படாமலும் தப்புவதை எண்ணினால் பத்து நாள் நீண்டதன்று.

எல்லாவற்றினும் நம் நெஞ்சை வருத்துவது வேறொன்று. ஊர் வீட்டின் பூசையறை மாடத்திலும் பரணிலும் ஏட்டுச் சுவடிகளும் சிறிய செப்பு, பித்தளைத் திருவுருவங்களும் இருக்கின்றன. கிரந்த எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால், இளையோர்க்கு அவை ஓலைக்கட்டாகவும் பழம் பித்தளையாகவும் தோன்றுகின்றன. வீடு காலி செய்ய வந்தவர் “இது என்ன செய்ய?” என்று கேட்கும் ஒரு நொடியில், பல நூற்றாண்டுகள் படியெடுத்துப் படியெடுத்துக் காப்பாற்றப்பட்ட ஒரு நூல் மறைந்துவிடலாம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றினார். அதன் சமயப் பொருளை அவருக்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமண இல்லறத்தார்கள். வீடுகளில் ஓதியும் போற்றியும் வந்தமையாலேயே அவர்களால் விளக்க முடிந்தது. அதே ஐயர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிச் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு நெஞ்சம் நொந்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதை இட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பழையதை மரியாதையாக ஒழிப்பதாக எண்ணியவர்களே. நாமும் சுவடியை ஆற்றில் விடுவதும், தீர்த்தங்கரர் படம் அச்சிட்ட நாட்காட்டியைக் குளத்தில் கரைப்பதும் அத்தகைய மரியாதைதான். நீரில் விட்டால் அப்புகாய உயிர்க்கும் மீனுக்கும் கேடு, நூலும் போயிற்று.

இடம் பெயர்க்க வேண்டிய காலத்தில் நம் முன்னோர் செய்தது வேறு. மயிலையில் கோயில் கொண்டிருந்த நேமிநாதப் பெருமானைக் கடல் கொள்ளுமோ என்று அஞ்சி மேல்சித்தாமூருக்கு எழுந்தருளச் செய்தனர் என்பது நம்மிடை வழிவழி வரும் செய்தி. எதை விடலாம், எதை விடலாகாது என்று அறிந்தே அவர்கள் வண்டி கட்டினார்கள்.

ஆகவே ஊர் வீட்டைத் திறக்குமுன், ஆட்கள் வருவதற்கு ஒரு நாள் முன்னதாகக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் சென்று பூசையறையையும் பரணையும் தாமே பார்க்க வேண்டும். திருவுருவங்களைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாகாது. பின்னமானவை ஆயினும் ஊர் ஜினாலயத்திலோ மேல்சித்தாமூர் மடத்திலோ சேர்ப்பிக்க வேண்டும். நூறாண்டு கடந்த திருவுருவமும், வரலாற்று இலக்கிய மதிப்புடைய எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடியும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் அடங்கும் என்பதையும், வந்து விலை பேசுவோருக்கு நினைவூட்டுவது நல்லது. சுவடிகளைக் கண்டால் கயிற்றை அவிழ்க்காமல், உதிர்ந்த நறுக்குகளையும் அதே கட்டோடு ஒரு தூய பருத்தித் துணியில் சுற்றுக. கரையான் இருந்தால் மருந்தடிக்காமல் நிழலில் மெல்ல உதறுக. எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவதைப் பழக்கப்பட்டவர் கையில் விட்டுவிடுக. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் உள்ளன. கொடுக்க மனமில்லாதவர் படம் எடுத்துக்கொள்ளவேனும் இசையலாம். அதுவரை அக்கட்டை லாரியில் ஏற்றாமல், வீட்டாரில் ஒருவர் தம் மடியில் வைத்துக் கொண்டு வருவாராக.